நாலாம் பாகத்தில் பவளரேகை

மதுரை பஸ் அன்றைக்கு மூன்று மணி நேரம் தாமதம். யுத்தம் முடிந்து எட்டு மாதமாகியும் பெட்ரோல் சரியாகக் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, அதன் வாயுவில்தான் அது ஓடியது. காரியாபட்டி தாண்டி இரண்டு இடத்தில் நின்று, ஏறியிருந்தவர்களே இறங்கித் தள்ளி, ஒருவழியாக அருப்புக்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. பஸ் ஆபீசில் பார்சல் எழுதுவது என் வேலை. புத்தகக் கடைக்கு வந்திருந்த கட்டு ஒன்றின் மூலை கிழிந்திருந்தது. கிழிசல் வழியாக ‘நிழலற்ற கந்தர்வன்’ என்ற எழுத்தும், அதன் கீழே ‘நான்காம் பாகம்’ என்பதும் தெரிந்தன.

மூன்றாம் பாகம் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. காகிதம் இல்லை என்றார்கள். எழுதியவர் செத்துப்போனார் என்றார்கள். அச்சாபீசே ஏலம் போய்விட்டது என்றார்கள். அதெல்லாம் பொய்யென்று இப்போது தெரிந்தது. கடைக்காரரிடம் சொல்லி முதல் பிரதியை வாங்கிக்கொண்டேன். கதையை நான் வாசித்துக் காட்டுகிற லிங்கம்மாள் அக்காவிடம் உடனே ஓடியிருக்க வேண்டும். நான் பார்சல் மூட்டைமேல் உட்கார்ந்து, வெயில் தாழ்வதற்குள் முழுதையும் படித்து முடித்துவிட்டேன்.

அது நான் செய்த முதல் தப்பு. முன்கூட்டிப் படித்துவிட்டு வந்து வாசிக்கக் கூடாது என்பது அவள் வீட்டுத் தறிக்கூடத்தின் சட்டம். லிங்கம்மாள் அக்கா போட்ட சட்டம். “முன்னாடியே படிச்சிட்டு வந்தேன்னா ஒன் கொரல்லயே தெரிஞ்சுரும் தம்பி. அழுக வாற எடத்துக்கு நாலு வரி முன்னாடியே மூக்க உறிஞ்சுவ” என்பாள்.

அவள் பாளையம்பட்டிப் பெண். பதினாறு வயதில் எங்கள் தெருச் சௌடையாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் பிறந்த வீட்டில் தறி உண்டு. பள்ளிக்கூடம் போகும் வழக்கம் பெண்களுக்கு இல்லை. சௌடையா அண்ணன் நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர். வீட்டை நடத்தியது அவருடைய அக்கா சௌடம்மாள். இளம்வயதில் தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்தவள். பெட்டிச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. லிங்கம்மாள் அவளை மதினி என்று அழைப்பாள். லிங்கம்மாளுக்கு வேலை தார் சுற்றுவது, அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் ராட்டையால் நூலைச் சுற்றித் தருவது. கை வேலைசெய்ய, காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் நான் வாசித்தேன்.

தெருவில் படிக்கத் தெரிந்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் பெண்கள் உட்கார்ந்திருக்கும் தறிக்கூடத்தில் தலை நிமிராமல் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குக் கூச்சம். புத்தகத்தைப் பார்த்தே பேசிவிடலாம் என்பதால் எனக்கும் அது வசதியாக இருந்தது. ஆனால் பக்கம் திருப்புகிற நேரத்தில் எல்லோர் முகத்தையும் பார்த்துவிடுவேன்.

எங்கள் வீடுகளுக்குள் கன்னடம். தறிக்கூடத்தில் பிச்சையம்மாள் இருந்தால் தமிழ். அவள் பந்தல்குடியிலிருந்து இங்கே கட்டிக்கொடுக்கப்பட்டு, கூலிக்குத் தார் சுற்ற வருகிறவள். கதையில் வருகிற கந்தர்வன் ஒரு முனிவரின் சாபத்தால் தன் நிழலைக் கடலில் பறிகொடுத்தவன். உப்பளத் தலைவன் மகள் பவளரேகை அவனைக் காதலிக்கிறாள். நிழலைத் தேடி அவன் கடல் கடந்து போகிறான். இதைக் கேட்ட முதல் நாளே பிச்சையம்மாள், “நெழலே இல்லாதவனக் கட்டிக்கிட்டு இந்தப் புள்ள வெயிலுக்கு எங்கிட்டு ஒதுங்கும்? நம்ம திருச்சுளிப் பக்கம் மாதிரி அங்கிட்டும் மரமே கெடயாதே” என்றாள். லிங்கம்மாள் சிரித்த சிரிப்பில் நூல் அறுந்தது. அப்போதெல்லாம் அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டு.

இரண்டாம் பாகம் வந்த வருஷம் அவளுக்குப் பெண் பிறந்தது. எங்களில் முதல் பெண்ணுக்குச் சௌடேஸ்வரி அம்மன் பேர்தான். வெயில் நேரத்தில் தெருமுனையில் நின்று “சௌடம்மா” என்று கூப்பிட்டால் பதினோரு வாசலில் தலை எட்டிப் பார்க்கும். தொட்டிலில் போடுகிற அன்று, பிள்ளையின் காதில் பேரை மூன்றுமுறை சொல்ல வேண்டியது தகப்பனின் அக்கா. சௌடம்மாள் தன் பேரையே சொல்லத் தயாராக நின்றாள்.

“அந்தப் பேருல நீங்க இருக்கீகளே மதினி. ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதாதா?” என்றாள் லிங்கம்மாள்.

“போதாதாவா? அம்மன் பேருடி அது!”

“அம்மனுக்குத் தெரியாதா, எம் புள்ளதான்னு? பவளரேகைன்னு சொல்லுங்க.”

“புக்குல வாறவ பேரயா? எவனோ எழுதுனவ. நாளைக்கு அவன் அவள என்ன செய்வானோ? எழுதுறவன் கையிலயா புள்ளையக் குடுக்குற?”

அன்றைக்குச் சௌடையா அண்ணன் தம்முடைய பத்து வார்த்தையில் மூன்றைச் செலவழித்தார். “ஆசப்படுறா. சொல்லிருங்க அக்கா.” சௌடம்மாள் குனிந்து, வேப்பெண்ணெய் குடிக்கிறவள்போல முகத்தை வைத்துக்கொண்டு, மூன்றுமுறை சொன்னாள்.

மறுநாள் லிங்கம்மாள், பவளரேகையின் படமும் பேரும் போட்டிருந்த இரண்டாம் பாகத்தின் அட்டையை என்னிடம் நீட்டி, “இதுல எது எம் புள்ள பேரு?” என்று கேட்டாள். காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். கடைசி இரண்டு எழுத்துக்கு முன்னால் சுழி சுழியாக வருவதை அடையாளம் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் எந்தப் பக்கத்தைக் காட்டினாலும், அந்தப் பேர் இருந்தால் அதன்மேல் விரல் வைத்துவிடுவாள். அவள் வாசிக்கக் கற்ற ஒரே சொல் அது.

மூன்றாம் பாகம், பவளரேகை கடலுக்குள் முழங்கால் தண்ணீரில் நிற்பதோடு முடிந்தது. அலை ஏறிக்கொண்டிருக்கிறது. கந்தர்வனின் படகு கண்ணிலிருந்து மறைகிறது. அவ்வளவுதான். அப்புறம் யுத்தம் முற்றியது. புதுப் பாகம் வரவில்லை. நூலுக்கும் கட்டுப்பாடு வந்து, வாரத்தில் பாதி நாள் தறி சும்மா கிடந்தது. பழைய மூன்று பாகங்களையே திரும்பத் திரும்ப வாசித்தோம். அதற்குள் பிள்ளை தத்தித் தத்தி நடந்து, பேச ஆரம்பித்திருந்தது. நான் “பவளரேகை” என்று வாசிக்கும்போதெல்லாம் தறிக்குழி ஓரத்திலிருந்து “என்ன?” என்று கேட்கும். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைப்பு. கூடமே சிரிக்கும். “ஒன்னய இல்ல தாயி, கடலுக்குள்ள நிக்கிறவள” என்று பிச்சையம்மாள் சமாதானம் சொல்வாள். “நான் இங்கதான நிக்கேன்?” என்று அது சண்டைக்கு வரும்.

நாற்பத்திமூன்றாம் வருஷம் ஆடியில், ஊரில் வாந்திபேதி கண்டது. ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுநாள் பாதிப் பகல். நாலு வயதுகூட நிறையவில்லை.

பதினாறு நாள் கழித்துச் சௌடம்மாள் ஒரு கட்டளை போட்டாள். அந்தப் பேரை இனி வாசலுக்குள் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் போனது திரும்பித் திரும்பி வந்து பார்க்கும். அடுத்த பிள்ளைக்கு வழி விடாது. அவளே அதைக் கடுமையாக அனுசரித்தாள். அவள் கழுத்தில் பவளச்சரடு ஒன்று உண்டு. அதைக்கூடச் ‘செவப்பு மணி’ என்று மாற்றிச் சொன்னாள். சௌடையா அண்ணனுக்குப் பேசாமலிருப்பது பழக்கமானதுதான். லிங்கம்மாளும் சொல்லவில்லை. அவளுக்கும் இன்னொரு பிள்ளை வேண்டியிருந்தது.

நாலைந்து மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டனுப்பினாள். “தம்பி, மூணாம் பாகத்த வாசிக்கிறியா?”

நான் சௌடம்மாளைப் பார்த்தேன். அவள் நூலை உதறியபடி, “புக்குதான? வாசிக்கட்டும்” என்றாள். புத்தகத்தில் இருக்கிற பேருக்குத் தடையில்லை என்று அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள் போலும். அல்லது அந்தப் பேரைக் கேட்கத்தான் லிங்கம்மாள் கூப்பிட்டாள் என்று அவளுக்கும் தெரிந்திருந்ததோ, என்னமோ.

வாசித்தேன். பேர் வந்ததும் ராட்டை நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு சுற்றியது. அடுத்த முறை பேர் வந்தபோதும் அப்படியே. அந்தப் பழைய ‘என்ன?’வுக்கு அவள் இடம் விடுகிறாள் என்பது எனக்கு விளங்கியது. நானும் பேருக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தி வாசிக்கப் பழகினேன். இதைப்பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. மூன்றாம் பாகம் முடிகிறபோதெல்லாம் அவள் ஒரே கேள்வி கேட்பாள்: “அந்தப் புள்ள தண்ணிக்குள்ளயே நிக்கிதே. என்னைக்குத் தம்பி கரையேறும்?”

நாலாம் பாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழுப்புக் காகிதம், மெல்லிசான புத்தகம், படம் ஒன்றுகூட இல்லை. நடுவில் மந்திரியின் சண்டை ஒன்று முப்பது பக்கத்துக்கு இழுக்கிறது. எடுத்துப் போட்டாலும் கதைக்கு நஷ்டமில்லை. கந்தர்வனின் வேடிக்கைத் தோழன் எங்கே போனான் என்றே தெரியவில்லை. ஆனால் கடைசி ஐம்பது பக்கம் வேறு கையால் எழுதியதுபோல இருந்தது. கடல் பவளரேகையிடம் பேசுகிறது. ஒரு நிழலைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால், அதே எடையுள்ள ஒன்று ஈடாக வேண்டும் என்கிறது. அவள் தன் பேரைக் கொடுத்துவிடுகிறாள். கந்தர்வன் நிழலோடு திரும்பி வந்து கரையில் நிற்கிறான். எதிரே அவள். கூப்பிட அவனிடம் ஒரு சொல் இல்லை. அந்த இடத்திலிருந்து எழுதியவரும் பேரைச் சொல்லவில்லை. கடைசிவரை ‘அவள்’ மட்டும்தான்.

அந்த நாட்களில் நான் எதுகையும் மோனையும் இல்லாத புதுமாதிரிக் கவிதைகளைப் பத்திரிகைகளில் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். வேலை செய்கிறவர்களைப்போலக் குறைவாகப் பேசும் அந்த எழுத்தின்மேல் எனக்குப் பித்து. பேரைச் சொல்லாமலே ஐம்பது பக்கம் எழுதிய அந்தத் துணிச்சலை நினைத்து மூட்டைமேல் உட்கார்ந்தபடியே எனக்கு உடம்பு சிலிர்த்தது. லிங்கம்மாள் அக்காவின் ஞாபகம் எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் வரவில்லை என்பதுதான் உண்மை.

மறுநாள் மத்தியானம் புத்தகத்தோடு போனேன். அவள் அட்டையை வாங்கித் தடவிப் பார்த்தாள். “பேரு இல்லையே?”

“உள்ள இருக்குக்கா.”

முதல் நாள் நன்றாகப் போயிற்று. முதல் அத்தியாயத்திலேயே பவளரேகை கரையேறிவிட்டாள். லிங்கம்மாள் ராட்டையை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். பேர் வரிக்கு வரி வந்தது. “ஆறு வருசமா தண்ணியில நின்னவளுக்குக் காலு ஊறிப் போயிருக்குமே, எண்ணெ தேச்சாளான்னு பாரு” என்றாள் பிச்சையம்மாள். வெகுநாளைக்குப் பிறகு அந்தக் கூடத்தில் லிங்கம்மாளின் சிரிப்பைக் கேட்டேன்.

இரண்டாம் நாள் மந்திரியின் சண்டை. “இந்தாளு யாரு நடுவுல?” என்று அவளுக்குச் சலிப்பு. “நம்ம புள்ள எங்க? அதச் சொல்லு.”

நம்ம புள்ள என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்கு வாசிக்க வேண்டியது அந்த ஐம்பது பக்கம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். ‘அவள்’ என்று இருக்கும் இடத்திலெல்லாம் பேரைப் போட்டு வாசித்துவிடலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் அப்படிச் செய்தால் கதையே பொய்யாகிவிடும். எழுதியவர் உயிரைக் கொடுத்துச் செய்ததை நான் அழித்தவனாவேன். இப்படியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டேன். இருபத்திநாலு வயது எனக்கு. அச்சில் இருப்பதை மாற்றக் கூடாது என்பதுதான் அப்போது எனக்குத் தெரிந்த ஒரே ஒழுக்கம்.

மூன்றாம் நாள் உள்ளது உள்ளபடியே வாசித்தேன். கடலிடம் பவளரேகை பேரைக் கொடுக்கிற இடத்தில் ராட்டை வழக்கம்போல நின்றது, மறுபடி சுற்றியது. ஒரு பக்கம் போயிற்று. இரண்டு பக்கம். ஐந்து பக்கம். நூல் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பக்கம் திருப்பும்போது பார்த்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நில்லு ராமசுப்பு” என்றாள். எப்போதும் தம்பி என்பவள் பேரைச் சொன்னாள். “எதுக்கு முழுங்குற?”

“நான் முழுங்கலக்கா.”

“முழுங்குற. ‘அவ’, ‘அவ’ன்னு வாசிக்கிற. ‘அவ’ன்னா எவ? பேரு இல்லாத அநாதையா அது?” சட்டென்று, பாவின் நீள இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்த சௌடம்மாள் பக்கம் திரும்பினாள். “மதினி, நீங்கதான சொல்லிவச்சீக? வீட்டுக்குள்ளதான் சொல்லக் கூடாதுன்னீக, சரின்னேன். புக்குல இருக்கறதையுமா புடுங்கணும்?”

“ஏண்டி, நான் என்னத்தச் சொன்னேன்? இவனக் கேளு. ஏலே, நான் ஏதாச்சும் சொன்னேனால?”

“இல்ல பெரியம்மா. புக்குலயே அப்படித்தான் இருக்கு. பேரக் கடலுக்குக் குடுத்துட்டாள்ல, அதனால எழுதுனவரு...”

“கொண்டா இங்க” என்றாள் லிங்கம்மாள்.

புத்தகத்தை வாங்கி மடியில் வைத்தாள். நூல் எண்ணெய் படிந்த சுட்டுவிரலைப் பக்கத்தின் மேல் முனையில் வைத்து, வரிவரியாகக் கீழே இறக்கினாள். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். அவளுக்குத் தெரிந்த அந்தச் சுழிகளைத் தேடிக்கொண்டு போனாள். ‘கை’ என்ற எழுத்து வந்த இடத்திலெல்லாம் விரல் நின்று, பின்னால் போய்ப் பார்த்து, மறுபடி நகர்ந்தது. கடைசிவரை எல்லாப் பக்கத்தையும் அப்படிப் பார்த்தாள். தறிக்குழிக்குள் இருந்த சௌடையா அண்ணன் நாடாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் விரல் போய் நின்றது. “நெசந்தான். இல்ல” என்றாள்.

புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு ராட்டையை இழுத்துக்கொண்டாள். அது நாலு சுற்றுச் சுற்றியிருக்கும். சௌடம்மாள் எழுந்து வந்தாள். லிங்கம்மாளின் பக்கத்தில் குனிந்து, தொட்டிலுக்குக் குனிந்ததுபோலவே குனிந்து, “பவளரேகை” என்றாள். புத்தகத்தைப் பார்த்து நான் வாசித்தது போக, மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு மனுஷர் வாயிலிருந்து அந்தப் பேர் வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டாம் முறை சொல்ல வாயெடுத்தாள்.

“இப்ப எதுக்கு மதினி?” என்றாள் லிங்கம்மாள்.

குரலில் கோபம் இல்லை. ராட்டை நிற்கவும் இல்லை. சௌடம்மாள் பாவுப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அறுந்த இழையைத் தேடுகிறவள்போல வெகுநேரம் தலை நிமிரவில்லை.

நான் எழுந்தபோது, “அத எடுத்துட்டுப் போயிரு தம்பி” என்றாள் லிங்கம்மாள் அக்கா. “மொத மூணும் பொட்டியில இருக்கு. அது போதும். அதுல தண்ணியிலதான் நிக்கிது, நிக்கட்டும். கூப்புட்டா திரும்பியாவது பாக்கும்.”

ஆனால் அந்த மூன்றையும் வாசிக்கச் சொல்லி அதற்கப்புறம் அவள் என்னைக் கூப்பிடவில்லை. இரண்டொரு முறை நானாகப் போனேன். “இன்னைக்கு வேல கெடக்கு தம்பி” என்றாள். தறி சும்மாதான் கிடந்தது. பிச்சையம்மாள் வாசல்வரை வந்து, “கோச்சுக்காத அய்யா” என்று மட்டும் சொன்னாள். மாற்றி வாசித்திருந்தால் என்ன என்று அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் தோன்றும். ஒரு சொல். பத்து இருபது இடத்தில் ஒரு சொல். எழுதியவர் மதுரையிலிருந்து வந்து கேட்டிருக்கப் போவதில்லை.

சுதந்திரம் வந்த வருஷம் ஐப்பசியில் அவளுக்கு மறுபடி பெண் பிறந்தது. தொட்டிலில் போடும் அன்று எனக்கும் சொல்லியனுப்பினார்கள். சௌடம்மாள் என்ன பேர் சொல்வதென்று லிங்கம்மாளின் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகவே கேட்கிற முகமாக இருந்தது அது. “ஒங்க இஷ்டம் மதினி” என்றாள் லிங்கம்மாள். அம்மன் பேர் காதில் மூன்றுமுறை சொல்லப்பட்டது. தெருவில் பன்னிரண்டாவது சௌடம்மாள்.

நாலாம் பாகம் என் தகரப்பெட்டியில் இருக்கிறது. போன மாதம் இன்னொரு தடவை படித்தேன். மந்திரியின் சண்டை இப்போதும் அலுப்பாகத்தான் இருந்தது. கடைசி ஐம்பது பக்கம் இப்போதும் அந்த நான்கு பாகங்களிலேயே சிறந்ததுதான். அங்கங்கே வரிகளுக்குக் குறுக்கே ஓர் எண்ணெய்க் கறை மேலிருந்து கீழாக இறங்கியிருக்கிறது.

அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டு வயது. வாசலில் விளையாடும். உள்ளேயிருந்து லிங்கம்மாள் அக்கா, “ஏ புள்ள, இங்க வா” என்பாள். “ஏ புள்ள, சாப்புட வா” என்பாள். பேரைச் சொல்லி அவள் கூப்பிட்டு நான் இதுவரை கேட்டதில்லை.